சுதா நிரப்பிய படிவம்

மார்ச் 4, செவ்வாய்
காலையிலிருந்து மழை. ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையம் போவதற்குள் செருப்பு ஊறிவிட்டது. வாங்க: இஞ்சி, சவர்க்காரம், குடை (பழையது எங்கே?).

மதியம் காப்புறுதி நிறுவனத்திலிருந்து போன். ஏப்ரல் அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி இல்லையாம். பழைய சிகிச்சையை மறைத்துவிட்டேனாம். நானா? திருநங்கைகளின் சிகிச்சைக்கும் பணம் தரும் திட்டம் என்று, எட்டு மாதம் தேடிச் சுதா பிடித்தது இது. சித்தி மகள், காப்புறுதி முகவர். வீட்டில் என்னை முதன்முதலில் ‘அக்கா’ என்று கூப்பிட்டவளும் அவள்தான். அவளைக் கேட்டால் சரியாகிவிடும்.

மார்ச் 5, புதன்
சுதா போனை எடுக்கவில்லை. மூன்று முறை. பிறகு ஒரு குறுஞ்செய்தி: ‘மீட்டிங்லா, அப்புறம் கூப்பிடுறேன்.’ கூப்பிடவில்லை.

குடை வாங்கியாயிற்று. நீலம்.

மார்ச் 6, வியாழன்
காப்புறுதிப் படிவத்தின் நகல் மின்னஞ்சலில். தற்போது மருந்து எடுக்கிறீர்களா? இல்லை. மருத்துவரைப் பார்த்தீர்களா? இல்லை. பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டு இல்லை. கீழே என் கையெழுத்து.

நாலு வருட ஹார்மோன். மருத்துவர் கடிதம் முதற்கொண்டு எல்லாம் அவளிடம் கொடுத்தேனே! அன்று தேக்கா டீக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே டேப்லெட்டை நீட்டினாள். “இங்க விரலால சைன் பண்ணுக்கா, மத்ததை நான் பாத்துக்கிறேன்.” போட்டேன். முகவர் நம் வீட்டுப் பிள்ளை என்றால் யார் படித்துப் பார்க்கிறோம்? அப்பா, பெரியப்பா எல்லாரும் அவளிடம் அப்படித்தான் போட்டார்கள். மடச்சி நான்.

மார்ச் 7, வெள்ளி
வெயில், திடீர் மழை. வேலை முடிந்து தேக்கா. அதே கடை. சுதா வந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

“ஏன் பொய் எழுதினே?”

“உண்மையை எழுதினா, ஏற்கனவே இருக்கிற ட்ரீட்மென்ட்னு தள்ளிடுவாங்க. உனக்காகத்தான் செஞ்சேன்லா.”

“என்னைக் கேட்டியா?”

“கேட்டா நீ ஒத்துக்க மாட்டே.”

ஆக, தெரிந்தேதான். திட்டம் ரத்தாகப் போகிறது, பொய் சொன்னவள் என்று பதிவாவது நான் என்றேன். சுதா என் கையைப் பிடித்தாள்.

“நான் நிரப்பினேன்னு மட்டும் சொல்லிடாத. என் லைசென்ஸ் போயிடும். ப்ளீஸ் அண்ணா.”

அண்ணா. ஐந்து வருடத்துக்குப் பிறகு. அவளுக்கே காதில் விழவில்லை.

கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். நீலக் குடை கடையிலேயே. நனைந்துகொண்டே அழுதேன், அது ஒரு வசதி.

மார்ச் 12, புதன்
ரத்துக் கடிதம் வந்துவிட்டது. ஏப்ரல் போயிற்று. மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். சவர்க்காரம் இன்னும் வாங்கவில்லை.

வேறொரு நிறுவனத்தின் இணையப் படிவம். இம்முறை நானே, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாக. மருந்து: ஆம். மருத்துவர்: ஆம். இதற்கு முன் உங்கள் காப்புறுதி ரத்தானதுண்டா? ஆம். காரணம் எழுத இரண்டு வரி இடம். பழைய படிவத்தைப் பொய்யாக நிரப்பியவர் என்று சுதாவின் முழுப்பெயரை எழுதினேன்.

கடைசிக் கட்டம்: அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்? பழக்கத்தில் விரல் சுதாவின் எண்ணை அடித்துவிட்டது.

அழித்தேன். வேறு யார் எண்ணும் எனக்கு மனப்பாடமில்லை.