தலையணைப் பஞ்சு

அத்தானுக்கு,

நேரில் கேட்டால் சத்தம் போடுவீர்கள். அதனால்தான் எழுதித் தூக்குச்சட்டியோடு வைக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, "மில்லுல ஓவர்டைம்" என்று போனீர்கள். திரும்பியபோது தலையில் துளிப் பஞ்சு இல்லை. "இன்னைக்கு மில்லு ஓடலையா?" என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு தலை நிறையப் பஞ்சோடு வந்தீர்கள். அது இலவம்பஞ்சு. நம் தலையணையில் தையல் பிரிந்திருந்தது. எந்த மில்லில் இலவம்பஞ்சு நூற்கிறார்கள்?

சட்டைப் பையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் டிக்கெட்டும் உங்கள் புதுப் போட்டோவும் இருந்தன. யாருக்குக் கொடுக்க என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று ராஜபாளையத்தில் நீங்கள் ஏறிய பஸ்ஸிலேயே, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு முன்சீட்டில் வந்தேன்.

ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தீர்கள். வாட்ச்மேனிடம் விசாரித்தேன். "தபால்ல பி.ஏ. படிக்கவங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் கிளாஸும்மா" என்றார்.

பெண் விவகாரம் இல்லை என்ற நிம்மதி திரும்பி வர பஸ் ஏறும்வரைதான் இருந்தது. படிப்பை எதற்கு என்னிடம் ஒளிக்க வேண்டும்?

பிளஸ் டூ முடித்த நான் கேட்கும்போதெல்லாம், "ஏட்டி, பிள்ளையள விட்டுட்டு எப்படிக் காலேஜ் போவ?" என்பீர்கள். போகாமலே படிக்கலாம் என்பது எனக்குத் தெரிந்துவிடும் என்றுதானே பயந்தீர்கள்?

தலையணையைத் தைத்துவிட்டேன். வாட்ச்மேன் எனக்கும் ஒரு விண்ணப்பம் வாங்கித் தந்தார். இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். போட்டோ ஒட்ட அதில் இடம் இருக்கிறது; புருஷன் கையெழுத்துக்கு இடமே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி