நீ பாடாத அரை நிமிடம்

நேற்று மேலூரில் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் சட்டையில் காலர் மைக்கை மாட்டினேன். அவர் மூக்கைச் சுளித்து, "என்னண்ணே, அத்தர் வாசம் அடிக்குது?" என்றார். மைக்கின் தலையில் கடலை அளவுக்கு ஒரு பஞ்சு இருக்குமே, நீ போன பிறகும் உன் அத்தர் வாசம் அந்தப் பஞ்சை விட்டுப் போகவில்லை. அலசிக்கூடப் பார்த்துவிட்டேன். புதுப் பஞ்சு வாங்க மனம் வரவில்லை. "பழைய வாசம்ங்க" என்று சொல்லிச் சமாளித்தேன்.

உன்னைப் பற்றிய ஆவணப்படத்துக்கு நானே கேமரா, நானே ஒலி, நானே எடிட்டிங். கோச்சடையில் உன்னோடு ஒரே தெருவில் வளர்ந்ததால் கிடைத்த வேலை. சென்னையிலிருந்து வந்த இயக்குநருக்கு உன் கதை அல்வா சாப்பிட்ட மாதிரி. அரிவாள் கோஷ்டியோடு திரிந்த ராப் பாடகன், இஸ்லாத்தைத் தழுவி, இன்று பள்ளிவாசல் வாசலில் செருப்புகளை ஒழுங்காக அடுக்கிவைக்கிறான். அதையே அவர் திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னபோது நீ சிரித்தாய். "செருப்பு அடுக்குறதுதான் பெருசாத் தெரியுதாக்கும். பழைய ஆளுகளப் பாத்ததும் வர்ற கோவத்த முழுங்குறேனே, அத எப்படிடா மாப்ள படம் எடுப்பாரு?"

உன் அம்மா திருவாதவூர்க்காரர். நீ மதம் மாறியதைப் பற்றி இயக்குநர் பயபக்தியோடு கேட்க, அவர் கேமராவைப் பார்த்தே சலித்துக்கொண்டார். "எந்தச் சாமியக் கும்பிட்டா என்ன, போலீசு வந்து கதவத் தட்டாம இருக்கே. ஆனா நோம்பு மாசத்துல பகலெல்லாம் பட்டினி கெடக்கான் பாருங்க, அதான் எனக்கு ஆகல." பின்னால் நின்று நீ சிரித்தது அப்படியே பதிவாகிவிட்டது. வேண்டுமென்றே அதைப் படத்தில் விட்டுவைத்தேன்.

இந்தச் சிரிப்பெல்லாம் அந்தப் பாட்டின் பேச்சு வரும் வரைதான். உன் கோஷ்டிக்காக நீ கட்டிய பாட்டு. எதிர்க்கோஷ்டிப் பையன் ஒருவனைப் பெயர் சொல்லி வம்புக்கு இழுக்கும் வரி அதில் உண்டு. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பாட்டு செல்போன் செல்போனாகப் பரவியது. பிறகு உன் ஆட்கள் அவனை வெட்டிக் கொன்றார்கள். வெட்டியதில் நீ இல்லை. ஆனால் அடுத்த திருவிழாவில் அவன் வீட்டுக்கு எதிரே ஸ்பீக்கர் கட்டி அதே பாட்டைப் போட்டு ஆடினார்கள். அந்த ஆட்டத்தில் நீ இருந்தாய். அவன் அம்மா வெளியே வந்து நேராக உன்னிடம் கேட்டார்: "எம் மகன் பேர நானே இப்பெல்லாம் சத்தமாச் சொல்றதில்ல. நீ ஏம்ப்பா சொல்ற?"

"அதோட சரி மாப்ள. அப்புறம் வாயத் தெறந்தா பாட்டு வரல" என்று என்னிடம் சொன்னாய். எங்கே போவதென்று தெரியாமல் நடந்து, ஒரு பள்ளிவாசல் படியில் உட்கார்ந்திருக்கிறாய். "மொகத்தக் கழுவிட்டு உள்ள வந்து உக்காருங்க தம்பி" என்றாராம் ஒரு பெரியவர். நீ யார் என்று அவர் கேட்கவில்லை. உனக்கு அது போதுமாக இருந்தது. கலிமா சொல்லி மதம் மாறியதெல்லாம் வெகு காலம் கழித்துத்தான்.

படத்துக்கு நீ போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "அந்தப் பாட்டு மட்டும் வேணாம்டா. அந்தப் பையனோட அம்மாவப் படம் பாக்கக் கூப்பிடு. பாட்டு இல்லன்னு சொல்லிக் கூப்பிடு." இயக்குநர் குதித்தார். பாட்டு இல்லாவிட்டால் நீ யாரென்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். நான் மசியவில்லை.

வெட்டுப்பட்டுத்தான் சாவாய் என்று ஊரே சொன்ன நீ, படம் முடியும் முன்னே மஞ்சள் காமாலையில் போனாய். உன் குழியில் மண் தள்ளிய கையோடு வந்து எடிட்டிங்கில் உட்கார்ந்தேன். பாட்டு வர வேண்டிய இடத்தில் உன் மௌனத்தை வைத்தேன்.

படப்பிடிப்பு முடிந்ததும், யாரும் பேசாமல், அந்த அறையின் சத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் பதிவு செய்துகொள்வது எங்கள் தொழிலில் வழக்கம். கடைசி நாளன்று உன் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, "அரை நிமிசம் சும்மா இருடா" என்றேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டாய். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்தைத் திரையிட்டோம். முன்வரிசையில் ஜமாத்துக்காரர்களும் உன் அம்மாவும். பின்னால் உன் பழைய ஆட்கள், உன் முகம் அச்சடித்த டீ-ஷர்ட்டோடு. நான் வாக்குக் கொடுத்து அழைத்து வந்த அந்த அம்மா ஓரமாக இருந்தார். அந்த அரை நிமிடம் வந்தது. இங்கே என்ன வந்திருக்க வேண்டும் என்று பின்வரிசைக்குப் புரிந்துவிட்டது. ஒருவன் தாளம் தட்டினான். உனக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு அத்தனை பேரும் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். திரையில் உன் உதடு அசைகிறது, மண்டபத்தில் உன் பாட்டு கேட்கிறது. நீயே பாடுவது போல இருந்தது. அந்தப் பெயரும் வந்தது.

விளக்குப் போட்டதும் அந்த அம்மாவிடம் ஓடினேன். அவர் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் பாடல தம்பி" என்றார். "அவன் வாய் வேற என்னமோல்ல சொல்லுச்சு. என்னன்னு கேட்டுச் சொல்றியா?"

சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சத்தத்தைக் கூட்டினால் மின்விசிறிதான் பெரிதாகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கை கத்துகிறது, உன் மூச்சு கேட்கிறது, சொல் மட்டும் வருவதில்லை. இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ராக இருக்கும் என்றார் உன் ஜமாத் நண்பர். "பசிக்குதுன்னு சொல்லிருப்பான்" என்றார் உன் அம்மா. நீ அந்தப் பையனின் பெயரைத்தான் மெதுவாகச் சொன்னாயோ என்று எனக்கு. அப்படி இருக்க வேண்டும் என்று ஆசை, இருந்துவிடுமோ என்று பயம்.

நேற்று மேலூரிலிருந்து திரும்பும்போதும் அந்த அம்மா போன் பண்ணினார்.

"கேட்டுச்சா தம்பி?"

"இன்னும் இல்லம்மா."

"சரி, பதறாமக் கேளு. நான் இருக்கேன்ல."