கையெழுத்து வேண்டாம், அப்பா

அன்புள்ள அப்பா,

இதை உங்களை அடைத்துவைத்திருக்கும் தீவில் தணிக்கை அதிகாரிதான் முதலில் படிப்பார். படிக்கட்டும்.

நேற்று இன்ஸ்பெக்டர் லம்ப்ரூ என்னைக் கூப்பிட்டனுப்பினார். "எழுதின கவிதையெல்லாம் தப்புன்னு உங்கப்பன் ஒரு கையெழுத்துப் போட்டா உடனே வீட்டுக்கு வரலாம். உனக்கும் மின்நிலையத்துல இன்ஜினியர் வேலை. போடச் சொல்லி எழுதுடா."

"அவர் கவிதை எனக்குப் புரியாது சார். நீங்க எழுதி நீட்டற மன்னிப்புக் கடிதம் நல்லாவே புரியுது. போடாதீங்கன்னுதான் எழுதுவேன்" என்றேன்.

மின்நிலைய வேலை போனால் போகட்டும், ஏதென்ஸில் ரேடியோ ரிப்பேர் பார்த்துப் பிழைத்துக்கொள்வேன்.

அம்மாவும் உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்கிறாள். ஆனால் ஞாயிறு பூசையில், மன்னிப்பு எழுதிக் கொடுத்தவர்களின் பெயர்களைப் பாதிரியார் வாசித்து முடிக்கும்வரை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். உங்கள் பெயர் வரவில்லை. வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் மனைவிக்கு அவளே முந்திக்கொண்டு வணக்கம் சொன்னாள், தலை நிமிர்ந்து.

உங்கள் மகன்