அட்டைக்கு உள்ளே இருந்த அலகு

உன் நோட்டுக்குப் போட்டிருந்த காலண்டர் தாள் இன்று காலை தானாகக் கழன்று விழுந்தது. நாலு நாளாக நம்ம உப்பளம் பேட்டையில் விடாத மழை. என் பீரோவுக்குள் ஈரம் ஏறி, பசை விட்டுப்போய், நனைந்த காகிதமும் பூச்சி உருண்டையும் கலந்த ஒரு வாடை. பங்குக் கோயில் காலண்டரைக் கிழித்து நீயே போட்ட அட்டை அது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லா நோட்டுக்கும் அட்டை போடுவாய். ஊரில் இருக்கிற பொட்டலத்தையெல்லாம் பிரித்துப் பார்த்தவன் நான். இந்த ஒன்றைப் பிரித்துப் பார்க்க இரண்டு வருஷமாக எனக்குத் தோன்றவில்லை.

உள்ளே என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது பெரிய மார்க்கெட் பூக்கடையில். நான் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போடுகிற இலாகாவில் இன்ஸ்பெக்டர். நீ பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா. கையில் சென்டிமீட்டர் மட்டும் போட்ட டேப்பை வைத்துக்கொண்டு பூக்காரம்மாவிடம், "முழம்னா யாரோட முழம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

"என் கை, என் முழம். கம்மியா தெரிஞ்சா ஒம் பொண்டாட்டிய கூட்டியா, அவ கைய நீட்டட்டும்" என்றாள் அவள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ என் பக்கம் திரும்பி, "முசியே, நீங்க கவர்மெண்டு ஆளு, கேளுங்க" என்றாய். பூவுக்கெல்லாம் கேஸ் போட முடியாது என்று நான் சொன்னதை நீ கடைசி வரை மன்னிக்கவில்லை.

உனக்கு மீட்டர் மேல் பக்தி, எனக்கு மனுஷன் மேல் சந்தேகம். இரண்டும் ஒத்துப்போயிற்று. பொட்டலத்தின் மேல் வெறும் ஐந்நூறு என்று போட்டிருந்தால், "ஐந்நூறு என்ன? கிராமா, மில்லியா?" என்று முப்பது வருஷம் கடை கடையாகக் கேட்டவன் நான். அலகு எழுதாத எண் ஏமாற்றுக்காரனுடையது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது உனக்கு ரொம்பப் பிடிக்கும்.

உன் பொண்ணு பிரான்சில் குடித்தனம் போன பிறகு நீ வருஷத்துக்கு ஒரு தடவை பறந்தாய். விமானக் கம்பெனிக்காரன் ஒரு கார்டு கொடுத்தான். பறக்கப் பறக்க மைல் சேரும், சேர்ந்தால் ஓசி டிக்கெட். அன்றைக்குப் பிடித்தது உனக்குச் சனி. "மீட்டரப் பெத்தவனே பிரான்சுக்காரன். அந்த ஊருக்குப் போற பிளேன்ல மைலா?" என்று பிரெஞ்சில் கடிதம் எழுதினாய். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வரும். கிலோமீட்டராக மாற்றுகிறாயா இல்லையா என்று மறுபடி எழுதுவாய்.

எனக்கு வேறு சந்தேகம். போன வருஷம் போட்டதைவிட இந்த வருஷம் அதே பாரீசுக்குக் கம்மியாகப் போட்டிருந்தான். ஊர் என்ன கிட்டே நகர்ந்து வந்துவிட்டதா? விற்கிறவனே இழுத்துச் சுருக்கிக்கொள்கிற மைல் அது. "அந்தப் பூக்காரி முழம் தேவலைய்யா. கைய கண்ணால பாக்கலாம்" என்றேன். ரொம்ப நேரம் சிரித்தாய். "அவன் என்ன வேணா போடட்டும், எவ்ளோ வேணா போடட்டும். என் வூட்டுக்குள்ள மைல் வராதுய்யா" என்றாய். வெறும் வீராப்பு என்றுதான் நினைத்தேன்.

திட்டிக்கொண்டே சேர்த்தாய். "பாரீஸ்லேருந்து வர்றதுக்கு நாப்பதாயிரம் மைல் கேக்குறான். ஒரு தடவையாச்சும் எம் பொண்ணு நான் சேத்ததுல வரணும்" என்பாய். எவ்வளவு சேர்ந்தது என்று கேட்டால், "நோட்டுல இருக்கு, போ" என்பாய்.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் வாயில் குழாய் போட்டுவிட்டார்கள். பேச்சு இல்லை. உன் வீட்டுக்கு வந்து உன் பொண்ணுக்கு நான்தான் போன் பண்ணினேன். "இப்பவே டிக்கெட் எடுத்துட்டு வந்துடறேன் மாமா" என்றாள். நான் உன் மேஜை மேலிருந்த நோட்டைத் திறந்தேன். கடைசி வரியில் 40,234. அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "காசு குடுத்து எடுக்காதம்மா. ஒங்கப்பா சேத்து முடிச்சுட்டாரு. அதுலயே வா. அதாம்மா அவரு ஆச" என்றேன்.

அவள் கம்பெனியில் கேட்டதற்கு இருபத்தைந்தாயிரம்தான் இருக்கிறது, பதினைந்தாயிரம் குறைகிறது என்றார்களாம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இப்படித்தான் செய்வார்கள் என்று எனக்கு எப்போதோ தெரியும் என்றேன். "வுட்டுக்குடுக்காதம்மா, நோட்டு ஆதாரம் இருக்கு" என்று பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அங்கே அவள் போனில் காத்துக் கிடந்தாள், இங்கே நான் புகார் எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இத்தனை வருஷம் சந்தேகப்பட்டதற்குக் கடைசியில் ஒரு திருடன் அகப்பட்டான் என்று. இரண்டு நாள் அப்படிப் போயிற்று.

மூன்றாம் நாள் அவளே காசு கட்டிக் கிளம்பினாள். சென்னையில் இறங்கி, கார் நம் எல்லையில் கனகசெட்டிக்குளம் வந்ததும் போன் பண்ணினாள்.

"இன்னும் எவ்ளோ தூரம் மாமா?"

"பதினஞ்சு கிலோமீட்டர் இருக்கும்மா."

நீ போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆட்டோ பிடித்து, அவள் வருகிற வழியில் பிள்ளைச்சாவடி வரைக்கும் போய், ஒரு டீக்கடை ஓரம் அவள் காரை நிறுத்தி, கதவைத் திறந்து சொன்னேன்.

அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், கம்பெனிக்காரன் ஏமாற்றியதால்தான் பொண்ணு முகம் பார்க்காமல் போய்விட்டான் என்று சொன்னேன். அவளும் நம்பினாள். "நீங்களே வெச்சிருங்க மாமா, கேஸ் போட்டா ஒதவும்" என்று நோட்டை என்னிடமே விட்டுப் போனாள். கம்பெனியிலிருந்து ஒவ்வொரு தடவையும் அதே இருபத்தைந்தாயிரம் என்று பதில் வர வர, எனக்கு உன் மேலும் சந்தேகம் வந்தது. எங்களுக்குத் தெரியாமல் யாருக்கோ டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாயோ என்று ஒரு மாசம் யோசித்தேன். உன்னைப் பற்றி அப்படி நினைத்தவன் நான்.

இன்று தாள் விழுந்ததும் நோட்டின் சொந்த அட்டை தெரிந்தது. நீல மையில், உன் குண்டு எழுத்தில், பிரெஞ்சில்: எல்லாம் கிலோமீட்டரில். அதற்குக் கீழே, 1 மைல் = 1.609344.

செல்போனில் பெருக்கிப் பார்த்தேன். இருபத்தைந்தாயிரம் மைலுக்கு 40,233.6 வந்தது. மீதி நானூறு மீட்டரை நீயே கூட்டி முழுசாக்கியிருக்கிறாய். உன் ஆயுசில் நீ செய்த கள்ளக்கணக்கு அவ்வளவுதான்.

கம்பெனிக்காரன் அந்த ஒரு தடவை பொய் சொல்லவில்லை. நீ எதையும் மறைக்கவில்லை. முப்பது வருஷம் அடுத்தவனிடம் கேட்ட கேள்வியை, நாற்பதாயிரம் என்ன, மைலா கிலோமீட்டரா என்று, நான் அன்றைக்கு எனக்குள் கேட்டுக்கொள்ளவில்லை. உலகத்தையே சந்தேகப்பட்டேன், என்னை மட்டும் விட்டுவிட்டேன்.

சொல்லாமலே இருந்துவிடலாமா என்று சாப்பாட்டு நேரம் வரை நினைத்தேன். யாருக்கும் தெரியாது. தாளை மறுபடி ஒட்டினால் முடிந்தது. பசை டப்பாவைக்கூட எடுத்து வைத்தேன். பிறகு பாரீசில் விடிந்திருக்கும் என்று பார்த்து போன் பண்ணிவிட்டேன்.

"தப்பு எம் மேலதாம்மா. நோட்டுல இருந்தது கிலோமீட்டர். அவங்க சொன்னதுதான் சரி."

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எவ்ளோ மாமா கொறஞ்சுது?"

"பதினஞ்சாயிரம் மைல்மா."

"இல்ல மாமா" என்றாள். "ரெண்டு நாள்."

போனை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் பொண்ணு உன்னை மாதிரியேதான் இருக்கிறாள். சரியான அலகைச் சொல்லிவிட்டாள். நோட்டைத் திறந்து 40,234க்குப் பக்கத்தில் கி.மீ. என்று எழுதினேன். அதற்குக் கீழே, கடைக்காரன் தராசில் பிடிபட்டதை எழுதுவேனே, அதே மாதிரி எழுதினேன். குறைவு: இரண்டு நாள். பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.