எட்டாம் மேசைப் பெண்ணை வெளியே விடக் கோரி

அனுப்புநர்:
துணி வண்டி மாமா,
துணிப் போக்குவரத்துத் தலைவர் (வண்டியையும் நானே ஓட்டுகிறேன்),
பெரிய விடுதி, பின்கட்டு.

பெறுநர்:
மகளிர் நல அலுவலர் அவர்கள்.

பொருள்: கன்னியர் இல்லச் சலவைக்கூடத்தில் அடைபட்டிருக்கும் என் அக்காள் மகளை என்னிடம் ஒப்படைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இது இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன் என்பதைத் தாங்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். விடுதிச் சமையற்காரர் சாட்சி. அவர் மறுத்தால், அவருக்குக் காது மந்தம் என்பதையும் குறித்துக்கொள்ளவும். ஏழாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் என்ற முறையில் எனக்குச் சில விஷயங்கள் முன்னாலேயே தெரிந்துவிடும்.

1. மேற்படி இல்லத்தில் வழிதவறிய பெண்களைக் கன்னியர்கள் திருத்தி வருகிறார்கள். காலைப் பூசை முடிந்ததும் தொடங்கும் திருத்தம், வெந்நீர்த் தொட்டி, கஞ்சித் தொட்டி, இஸ்திரி மேசை வழியாக விளக்கு வைக்கும் வரை நடைபெறும். திருந்தி வெளியே வந்த பெண் எவரையும் நான் பார்த்ததில்லை. நான் கொண்டுபோய்ப் போடும் எங்கள் விடுதிப் படுக்கை விரிப்புகள்தான் திருந்தி வெளியே வருகின்றன. அந்த வெண்மை தாங்காமல் எங்கள் விடுதியில் ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படுத்தார். கூடத்தின் ஆவியில் ஒரு புறா வெந்து விழுந்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

2. என் அக்காள் மகள் எட்டாம் மேசையில் இஸ்திரி போடுபவள். சொந்தப் பெயரை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு ஒரு புனிதையின் பெயரைக் கொடுத்தார்கள். அதே பெயரில் ஏற்கெனவே சிலர் உள்ளே இருந்ததால், எட்டாம் மேசை என்றே கூப்பிடுகிறார்கள். குழப்பம் வேண்டாம் என்று நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

3. அவள் செய்த குற்றம், மளிகைக் கடையில் சர்க்கரை நிறுப்பவரோடு சிரித்துப் பேசியது. சித்தப்பா ஒருவர் பங்குச்சாமியாரிடம் சொல்ல, சாமியார் இல்லத் தலைவியான மதரிடம் சொல்ல, அன்று மாலையே கதவு சாத்தியாகிவிட்டது. சிரித்தவர்கள் இரண்டு பேர். சர்க்கரை நிறுத்தவர் இப்போது சொந்தக் கடை போட்டு, தொப்பையும் போட்டு, கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிறார். அவரைத் திருத்த உள்ளே இடம் போதவில்லை போலும்.

4. மூட்டை வாங்கும் சின்ன ஜன்னலில் அவள் என்னோடு பேசுவாள். வேலை நேரத்தில் பேசக்கூடாது என்பதால் விரிப்பை உதறிக்கொண்டே பேசுவாள். முதலில், "ரோட்டுல ஐஸ் வண்டி இப்பவும் மணி அடிச்சிட்டுப் போகுதா?" என்று கேட்டாள். பிறகு ஒருநாள், "எனக்குன்னு வந்து கேக்க ஒரு ஆள் இருந்தா போதும்" என்றாள்.

5. போன வாரம் அவள் மூட்டைக்குள் புகுந்து என் வண்டியில் படுத்துக்கொண்டாள். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகக் கட்டியிருப்பேன். வாசற்காவலர் கம்பால் குத்தியபோது மூட்டை தும்மிவிட்டது. மதர் மிகுந்த அன்போடு அவள் தலையை மழித்து, ஜன்னல் இல்லாத வெந்நீர்த் தொட்டிப் பக்கம் மாற்றிவிட்டார். மாதக் கடைசியில் மலைமேல் இருக்கும் இன்னோர் இல்லத்துக்கு அனுப்பப்போவதாகக் காவலர் சொன்னார். அங்கே என் வண்டி ஏறாது.

6. மதரை நேரில் பார்த்தேன். "நாங்க யாரையும் பிடிச்சு வைக்கலையே. ரத்த சொந்தத்துல ஆம்பளை யாராவது வந்து கேட்டா தாராளமா கூட்டிட்டுப் போகலாம்" என்றார். தாய்மாமன் வந்திருக்கிறேன் என்றேன். "இத்தனை வருஷமா எங்கே இருந்தீங்க?" என்று கேட்டு, ஆதாரம் கொண்டுவரச் சொன்னார். கேள்வி நியாயமானதுதான்.

7. தங்களுக்கு முன்பிருந்த அலுவலர் முதல் நாளே சொல்லியனுப்பிவிட்டு ஆய்வுக்கு வந்தார். அன்று மட்டும் பெண்களுக்குச் சலவை செய்த உடை. ஐயா தேநீர் அருந்தி, விரிப்பைத் தடவிப் பாராட்டிவிட்டுப் போனார். தாங்கள் அப்படியல்ல என்று தங்கள் முகத்திலேயே தெரிகிறது, நான் பார்த்ததில்லை என்றாலும்.

ஆகவே ஐயா அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, நேராக வெந்நீர்த் தொட்டிப் பக்கம் நடந்து, போக விருப்பமா என்று அவளையே கேட்டு, என் வண்டியில் ஏற்றிவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் மனைவி கட்டில் போட்டு வைத்திருக்கிறாள். வெள்ளை விரிப்பு வேண்டாம், பூப்போட்டது போடு என்று சொல்லிவிட்டேன்.

மேற்கண்டவை யாவும், புறா உட்பட, உண்மை. ஒன்று மட்டும் நானாகச் சேர்த்தது. நான் அவளுக்குத் தாய்மாமன் இல்லை. எனக்கு அக்காளே கிடையாது. கொண்டுவந்து விட்டவரும் சித்தப்பா என்று வாயால் சொன்னதோடு சரி, ஆதாரம் யாரும் கேட்கவில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். உள்ளே விடும்போது கேட்காததை வெளியே விடும்போதும் கேட்காமல் இருந்தால் போதும். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. வாசலைத் தாண்டினதும் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

நாள்: திங்கட்கிழமை, அழுக்குத் துணி எடுக்கும் நாள்
இடம்: சலவைக்கூட வாசல், வண்டிக்குள்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
துணி வண்டி மாமா