கடமைக்கு மேலே

போதகர் இல்லம், நார்ஃபோக்
பிப்ரவரி, செவ்வாய்

மதிப்பிற்குரிய லாரன்ஸ் அத்தானுக்கு,

டாரதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே பனி விட்டபாடில்லை. கோழிகள் முட்டையிடுவதையே மறந்துவிட்டன. உங்கள் மூட்டுவலி தேவலையா?

உங்கள் தம்பிக்கு நெஞ்சுவலி. ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஆராதனைக்கு மேல் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியும், இவர் தம் பொறுப்பிலுள்ள நான்கு கோயில்களுக்கும் அலைகிறார். போன வாரம் கடைசிக் கோயிலில் என்னையும் கோயில் காரியம் பார்க்கும் வார்டன் திர்க்கெட்டிலையும் தவிர ஆளில்லை. நற்கருணை ஆராதனைக்குப் போதகரைத் தவிர மூன்று பேராவது வேண்டும் என்பது எங்கள் விதி. சரி என்று வீடு திரும்பியிருக்கலாம். இவரோ முழங்கால் பனியில் நடந்துபோய், விதவை மிஸஸ் பெக்கைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். இவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஐயா, இந்தக் குளிர்ல ஆண்டவரே வெளிய வரமாட்டாரு, உங்களுக்கு என்ன தலையெழுத்து?" என்றார் திர்க்கெட்டில்.

"பேசாம மணிய அடிப்பா" என்றார் இவர்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. சென்ற மாதப் பிரசங்கத்தில் 'சூப்பரெரோகேஷன்' என்று வாயில் நுழையாத ஒரு சொல்லை இவரே விளக்கினார். கடவுள் கேட்பதற்கு மேலேயும் செய்து புண்ணியத்தை மிச்சம் பிடிப்பதாம். மனிதனால் அது ஆகாது, ஆகும் என்று நினைப்பதே ஆணவம் என்றார். "நீங்க செய்யறதும் அதுதானே?" என்று கேட்டேன். "இல்லம்மா, இது வெறும் கடமைதான்" என்று சொல்லி, பூட்ஸோடு தூங்கிப்போனார். மிச்சமே கிடையாது என்றால் கடமைக்கு முடிவும் கிடையாது. படித்தவரோடு யார் மல்லுக்கட்டுவது? பூட்ஸை நான்தான் கழற்றினேன்.

நீங்கள் எங்கள் சபையை விட்டு ரோமன் கத்தோலிக்கச் சபைக்குப் போய்விட்டீர்கள். அங்கே புனிதர்கள் மிச்சம் வைத்த புண்ணியம் ஏராளமாம். அதில் ஒரு பிடி தம்பி பேருக்கும் கேட்டு வாங்குங்கள்.

கேலி செய்யவும் தெம்பில்லை, அத்தான். சமைக்கும்போதும் காது இவர் மூச்சிலேயே இருக்கிறது. மிஸஸ் பெக் நல்லவர்தான், ஆனாலும் இப்போதெல்லாம் அவருடைய விதவைக் கோலத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஈஸ்டர் வரை பொறுக்காமல் வாருங்கள். அண்ணன் சொன்னால் கேட்பார். நான் எழுதியது தெரிய வேண்டாம். கடவுள் இவரிடம் எவ்வளவு கேட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்பது இவர் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். அது அதிகமா என்று நீங்களே கடவுளிடம் கேளுங்கள்.

உங்கள் ஜெபத்தை நம்பியிருக்கும்,
டாரதி