வெள்ளி விழாவில் முதல் அடி

தாது வருஷம், மார்கழி, சனிக்கிழமை இரவு.

இன்று சிம்மக்கல் பஜனை மடத்துக்கு வந்தவர்கள்: என் பேத்தி செல்லம், வண்டியூரிலிருந்து தங்கை பேச்சி, தாளம் தட்டும் குருவம்மா, ராக்காயி, அப்புறம் நான். வெளியே மதுரையே கூடி நின்றது. எங்கள் பெண்கள் பஜனைக் கோஷ்டிக்கு இது இருபத்தைந்தாவது வருஷம் அல்லவா!

கோஷ்டி தொடங்கிய நாளில் முதல் அடியை நான் எடுப்பதாகத்தான் பேச்சு. "அவளுக்குத் தொண்டை கட்டிக்கிருச்சு" என்று பொய் சொல்லி ராக்காயி அதைப் பறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் எடுப்பாள், நாங்கள் பின்னால் பாடுவோம்.

இன்று விளக்கு ஏற்றியதும் ராக்காயி வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. அவளுக்கு நிஜமாகவே தொண்டை கட்டிவிட்டது. குருவம்மா என் விலாவில் இடித்து, "என்ன மதினி முழிக்கிறீக? எடுத்து விடுங்க!" என்றாள்.

எடுத்தேன். தெருக்கோடி வரை கேட்டதாம். அத்தனை கூட்டமும் என் பின்னால் சேர்ந்து பாடியபோது உடம்பெல்லாம் புல்லரித்தது. "அப்பத்தா, இம்புட்டுக் குரலை எங்க வச்சிருந்தீக?" என்று செல்லம் கட்டிக்கொண்டாள். இனித் தூக்கம் எங்கே வரும்?

முடிந்ததும் ராக்காயி வந்து என் கையைப் பிடித்தாள். எனக்கும் மனம் இளகத்தான் செய்தது. அதற்குள் அவள் கூட்டத்தைப் பார்த்து, கட்டிய தொண்டையோடு, "எல்லாம் நான் பழக்கிவிட்டதுதேன்" என்றாள்.

பழைய பொய்யைக்கூட மறந்திருப்பேன். இதற்காக ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன், இந்த ராக்காயியை.